நடுக்குவாத நோயும் கிராமத்தின் கடமையும்

(கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய கூட்டங்களில் சாலை, குடிநீர், வாய்க்கால் மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். அதுவும் காலராவைப் போலவோ, மலேரியாவைப் போலவோ ஊரையே வாரிக்கொண்டு போகும் வியாதி அன்று. ஊருக்கு ஒருவர், இருவர் என்று வீட்டுத் திண்ணையில் ஒடுங்கிக் கிடக்கும் முதியவர்களின் வியாதி. அவர்கள் கிராம சபைக்கு வருவதில்லை. வந்தாலும் பேசுவதில்லை, ஏனெனில் அவர்களுடைய குரலே தணிந்து போயிருக்கும். ஆகவேதான் அவர்களுக்காக நாம் பேச வேண்டியிருக்கிறது.

பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொல்வதைச் சித்த வைத்தியர்கள் நடுக்குவாதம் என்றும், ஆயுர்வேத வைத்தியர்கள் கம்பவாதம் என்றும் வழங்கி வந்திருக்கிறார்கள். 1817-ஆம் ஆண்டில் லண்டன் நகர வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதன் குறிகளை ஒரு சிறு நூலாக எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு சுருளியாற்றுக் கரைச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் கண்ட ஒரு பெரியவரைப் பற்றி முதலில் சொல்கிறோம். ஒன்றரை ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டவர். கவாத்து வெட்டுவதில் அக்கம்பக்கத்தில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர் பெற்றவர். அவருடைய வலது கை மெள்ள மெள்ள மந்தமாயிற்று. பத்துக் கொடி வெட்டும் நேரத்தில் நான்கு கொடிதான் வெட்ட முடிந்தது. சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல அசையும்; எதையாவது எடுக்கப் போனால் அந்த அசைவு நின்றுவிடும். சட்டைப் பொத்தான் போட இயலவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டார் அவருக்குச் சோம்பல் என்றார்கள். குடியாக இருக்கும் என்று ஊரார் சிலர் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. பக்கவாதம் என்று எண்ணி ஓராண்டுக் காலம் எண்ணெய் தேய்த்தார்கள். விபூதியும் மந்திரிப்பும் நடந்தன.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவரை வாட்டியது ஒரு கையெழுத்து. இந்நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். தொடங்கும்போது கடுகளவு, முடியும்போது எறும்பளவு. கையெழுத்து பழையதோடு பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் அவருடைய கடன் பத்திரத்தைத் திருப்பி விட்டார்கள். “நான்தான் நான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?” என்று எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை இன்று இந்த மேடைக்கு அழைத்து வந்தது என்றாலும் மிகையாகாது.

உடம்பினுள் நிகழ்வது என்ன? மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள அணுக்கள் டோபமின் என்னும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. கையும் காலும் எண்ணியவுடன் எளிதாக இயங்குவதற்கு அந்தச் சுரப்பு வேண்டும். சிலருக்கு அந்த அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. பாதிக்கு மேல் மடிந்த பிறகே நடுக்கம் வெளியில் தெரியும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை அறியும் திறன் குன்றுவதும், மலச்சிக்கலும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையைக் காலை வீசுவதும் சிலரிடம் காணப்படும்.

இந்தச் சுரப்பை ஈடுசெய்யும் மருந்தின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அறிந்தோர் சிலரே.

நமது மலையடிவாரத்து வேலிகளில் பூனைக்காலி என்றொரு கொடி படர்வதை நீங்கள் அறிவீர்கள். அதன் காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் அதன் பக்கமே போகமாட்டார்கள். மலைகளில் வாழும் பளியர் போன்ற பழங்குடியினர் அதன் விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிவிட்டே உண்கின்றனர். காரணமின்றி அவ்வாறு செய்யவில்லை. அந்த விதையில் வீரியமான பொருள் ஒன்று இருக்கிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர் வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இரு அறிஞர்கள் அந்த விதையிலிருந்து அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்து, இங்கிலாந்து நாட்டு உயிர் வேதியியல் இதழில் வெளியிட்டார்கள். லெவோடோபா என்பது அதன் பெயர். ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து 1913-லேயே அது பிரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது எந்த நோய்க்கு உதவும் என்பதை அக்காலத்தில் உலகில் எவரும் அறிந்திலர்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்தார்; அவை அசைவற்றுச் சோர்ந்தன. அந்த ரெசர்பினும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்ததே. பிறகு டோபாவைச் செலுத்தியதும் முயல்கள் எழுந்து நடந்தன! ஒரு மூலிகையின் சத்து முடக்கியதை வேறொரு மூலிகையிலும் உள்ள சத்து எழுப்பிற்று. 1961-இல் வியன்னா நகரில் இது நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் என்னும் மருத்துவர், சிறுகச் சிறுக அளவை உயர்த்திக் கொடுத்தால் நோயாளிகள் நல்ல பயன் பெறுகிறார்கள் என்று காட்டினார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

“அப்படியானால் பூனைக்காலி விதையை இடித்துத் தின்றால் போதுமே” என்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே, 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு அந்த விதைப் பொடியை அளந்து கொடுத்துப் பார்த்தபோது அது விரைவாகவே வேலை செய்தது. ஆனால் விதைக்கு விதை, மண்ணுக்கு மண் அதன் வீரியம் மாறும். ஒரு கரண்டிப் பொடியில் இன்று எவ்வளவு மருந்து போயிற்று, நாளை எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல இயலாது. ஏற்கெனவே மாத்திரை உண்பவர் இதையும் சேர்த்து உண்டால் அளவு மிஞ்சிப் பிதற்றலும் தலைசுற்றலும் உண்டாகலாம். நாட்டு வைத்தியரிடம் செல்லக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எதை உண்டாலும் மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

மாத்திரையில் வேறொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. அதைப் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நமக்கு வருகிறது. வரும் வழியில் வாய்க்கால் கரை முழுவதும் கசிந்தால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்தால் அவ்விதமே அதன் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன் உடம்பிலேயே மாறி வீணாகும். வாந்தியும் குமட்டலும் உண்டாகும். கார்பிடோபா என்னும் துணைப்பொருள் கரைக்குச் சிமிட்டி பூசுவது போன்றது. அதைச் சேர்த்த பின் முன்பு வேண்டியிருந்த அளவில் ஏறத்தாழக் கால் பங்கு மருந்தே போதுமானதாயிற்று. இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலை மருந்து கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை. மடிந்த அணுவை உயிர்ப்பிப்பதும் இல்லை. இழந்த இயக்கத்தைப் பல ஆண்டுகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவுதான். ஆயினும் ஒரு குடியானவனுக்கு அது எவ்வளவு பெரியது! நாங்கள் சொன்ன பெரியவர் மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் கவாத்துக் கத்தரியை மறுபடி கையில் எடுத்தார்.

மருந்து உண்ணும் முறையில்தான் நம் வீடுகளில் பெருந்தவறு நிகழ்கிறது. காய்ச்சல் மாத்திரையைப் போல “சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று” என்று இதை விழுங்குகிறார்கள். பருப்பு, பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதச் சத்து இம்மருந்தோடு போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். ஆகவே உணவுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி கழித்தோ உண்ண வேண்டும். தொடக்கத்தில் குமட்டினால் ஒரு வாழைப்பழத்தோடு உண்ணலாம். இரும்புச் சத்து மாத்திரையை இதனுடன் சேர்த்து விழுங்கலாகாது. நேரம் தவறவும் கூடாது. காலை 7, பகல் 11, பிற்பகல் 3, இரவு 7 என்று மருத்துவர் குறித்திருந்தால் அந்த மணிக்கே கொடுக்க வேண்டும். வாழைத்தார் வெட்டு நடக்கிறது, ஆள் இல்லை என்று பதினோரு மணி மாத்திரையை ஒரு மணிக்குக் கொடுத்தால், அந்த இரண்டு மணி நேரம் அவர் மரக்கட்டைபோல உட்கார்ந்திருப்பார். மருந்து தீர்ந்துவிட்டது, சந்தை நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று திடீரென நிறுத்துவதோ மிகவும் ஆபத்து. உடல் விறைத்துக் கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே தீங்கு நேரிடலாம். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டை வீட்டில் இருக்கட்டும்.

சில ஆண்டுகள் சென்றபின் ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே குறைந்துவிடும்; சிலருக்குக் கைகால் நடனம்போல நெளியும். அப்பொழுது மருத்துவர் வேளைகளைக் கூட்டுவார், அளவைப் பிரிப்பார், வேறு மருந்துகளைச் சேர்ப்பார். பிரமிபெக்சோல், ரோபினிரோல், என்டகபோன், ரசாகிலின், அமன்டடின் என்று பல உண்டு. முன்னிரண்டும் ஒரு சிலரிடம் வினோதமான தீங்கு செய்யும்: அடக்க முடியாத சூதாட்ட ஆசை, வீண் செலவு. ஐம்பது ஆண்டு சிக்கனமாக இருந்தவர் திடீரென்று குமுளிக்குப் போய் லாட்டரிச் சீட்டாக வாங்கிக் குவித்தால், “கிழவருக்குப் புத்தி கெட்டுவிட்டது” என்று ஏசாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிரைஹெக்சிபெனிடில் என்னும் பழைய மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும். ஆனால் முதியவர்களுக்கு மறதியும் சிறுநீர்க்கட்டும் தரக்கூடும்.

நடுங்குவோர் எல்லாரும் இந்த நோயாளிகள் அல்லர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காப்பித் தம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். அதற்கு மருந்து வேறு. இன்னொரு வகையை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உத்தமபாளையம் பக்கத்து அம்மையார் ஒருவர் தலைச்சுற்றலுக்கு என்று யாரோ கொடுத்த மாத்திரையை ஓராண்டுக்கு மேல் கடையில் வாங்கி உண்டு வந்தார். நடை தளர்ந்தது, கை நடுங்கியது, முகம் உறைந்தது. அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னோம். சில மாதங்களில் குறிகள் பெரும்பாலும் மறைந்தன. சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு ஆகியவை தலைச்சுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் வாந்திக்கும் வழங்கும் மருந்துகள். நீண்ட நாள் உண்டால் இந்நோய் போன்ற நிலையை உண்டாக்கும். இந்நோய் உள்ளவருக்கோ அதை மோசமாக்கும். மனநோய்க்குரிய சில மருந்துகளும் இத்தகையவை. ஆனால் அவற்றை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

அறுவைச் சிகிச்சை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. 1987-இல் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்பவர் தொடங்கிய முறை ஒன்று இப்போது நம் நாட்டுப் பெருநகரங்களிலும் நடைபெறுகிறது. மூளையினுள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் மின்கலம் வைத்துத் துடிப்பு அனுப்புவார்கள். மாத்திரைக்கு நன்றாக இணங்கி, பின்னர் அதன் பலன் ஏறி இறங்கித் துன்புறுவோருக்கே அது பொருந்தும். மறதி முற்றியவருக்கும், நடக்கும்போது அடிக்கடி விழுபவருக்கும் உதவுவது அரிது. பல லட்ச ரூபாய் செலவாகும். மின்கலத்தையும் பின்னர் மாற்ற வேண்டிவரும். செல் ஊசி போட்டு அடியோடு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வோரை நம்பி நஞ்சை நிலத்தை ஈடு வைக்காதீர்கள். அத்துறையில் ஆராய்ச்சிகள் நடப்பது மெய். விலைக்கு விற்கும் ஊசி அந்த ஆராய்ச்சி அன்று.

மாத்திரைக்கு இணையானது உடற்பயிற்சி. நாள்தோறும் நடப்பது, கைகளை வீசுவது, நாளிதழை உரத்த குரலில் படிப்பது ஆகியவை பெரிதும் உதவும். சிலருக்கு வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். பிடித்து இழுத்தால் விழுவார்கள். தரையில் ஓர் அடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு குறுக்கே போட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கி நடந்துவிடுவார்கள்! “ஒன்று, இரண்டு” என்று தாளமாகக் கூப்பிட்டாலும் கால் எழும். காசில்லாத இந்த வைத்தியத்தைக் கண்டு வியக்காத குடும்பம் இல்லை.

இனி, விவசாயிகளாகிய உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. திராட்சையும் பழமரங்களும் நிறைந்த கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் ஆராய்ந்தவர்கள், பாராகுவாட்டும் மானெப் என்னும் பூசணக்கொல்லியும் தெளித்த வயல்களுக்கு அருகே வாழ்ந்தோருக்கு இந்நோய் கூடுதலாக வந்ததென 2009-இல் வெளியிட்டார்கள். 2012-இல் பிரான்சு அரசு, பூச்சிமருந்தைக் கையாண்ட விவசாயிகளுக்கு வரும் இந்நோயைத் தொழில் வழி நோயாக ஏற்றுக்கொண்டது. மலைக்கு அப்பால் கேரளம் 2011-இல் பாராகுவாட்டைத் தடை செய்தது. தெளித்தவர் எல்லாருக்கும் நோய் வரும் என்றோ, நோயுற்றவர் எல்லாரும் தெளித்ததாலேயே நோயுற்றார் என்றோ இதற்குப் பொருள் இல்லை. முதுமையும் பரம்பரையும் காரணங்களாகும். பலருக்குக் காரணம் இன்னதென்றே துலங்குவதில்லை. எனினும் பந்தலுக்கடியில் தலைக்குமேல் மருந்தடிக்கிறோம், வெறுங்கையால் கலக்குகிறோம், நனைந்த சட்டையோடு கஞ்சி குடிக்கிறோம், காலி டப்பாவை வாய்க்காலில் அலசுகிறோம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்லும் கூலியாட்களும் மருந்து தெளிக்கிறார்கள். கையுறையும் முகமூடியும் கொடுக்காமல் ஆளைத் தெளிக்க அனுப்பும் தோட்டக்காரர் தம் பிள்ளையை அவ்வாறு அனுப்புவாரா? களையைக் கொத்தியோ, மூடாக்கு இட்டோ அடக்க முடிந்த இடத்தில் பாராகுவாட் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பஞ்சாயத்து என்ன செய்யக்கூடும்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைபாடு நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாதென மருத்துவச் சான்று பெற்றால் அச்சட்டத்தின் பல சலுகைகளுக்கு வழி உண்டு. இது தெரியாமலேயே தகுதியுள்ளவர்கள் வீட்டில் முடங்கியிருக்கிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, மனுவை எழுதிக் கொடுக்க ஓர் உறுப்பினர் முன்வந்தால் போதும். கையெழுத்து மாறிப்போனவருக்கு, இவர் இன்னார்தான் என்று உடன் சென்று சொல்வதும் பஞ்சாயத்தாருக்குத் தகுந்த பணியே. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் இந்நோயாளிகளின் வீடுகளை அடையாளம் காட்டுங்கள். பொதுக் கழிப்பறையில் ஒரு கைப்பிடிக் குழாய், நியாயவிலைக் கடைப் படியருகே ஒரு சரிவுப் பாதை: இவற்றின் செலவு சொற்பம், அவற்றால் தவிர்க்கப்படும் இடுப்பெலும்பு முறிவுகள் பல.

நோயை உறுதி செய்வதற்கென்று தனி இரத்தப் பரிசோதனை கிடையாது; தேர்ந்த மருத்துவர் பார்த்தும் நடக்கச் சொல்லியுமே அறிவார். முதலில் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். மேற்கொண்டு தேவையெனில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. ஒருமுறை மருந்தும் அளவும் வகுக்கப்பட்டபின், இடையிலுள்ள மாதங்களில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே கவனித்துக்கொள்ள இயலும்.

சுருளியாற்றுப் பெரியவர் இப்போது ஏழாம் ஆண்டாக மருந்து உண்கிறார். வேளைகள் நான்கிலிருந்து ஆறாகிவிட்டன. கவாத்தை மகன் வெட்டுகிறான். இவர் பந்தலடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, எந்தக் கண்ணை விட்டு எந்தக் கண்ணில் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். குரல் தணிவுதான், ஆனால் மகனுக்குக் கேட்கிறது.

உங்கள் ஊரிலும் இவ்வாறு ஒருவர் இருந்தால், அடுத்த மருத்துவ முகாமுக்கு அவரை அழைத்து வாருங்கள். வரும்போது அவர் உண்ணும் மாத்திரை அனைத்தையும், தலைச்சுற்றல் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி உட்பட, அட்டையோடும் பொட்டலத்தோடும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள்.